480 மணி நேரமும் ஒரு பேரேடும்: குடும்ப, மருத்துவ விடுப்புக் கணக்கைத் திருத்திய அனுபவம்

அமெரிக்காவில், இருநூறு பேருக்குச் சற்றுக் குறைவாகப் பணிபுரியும் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். பணியாளர்களின் குடும்ப, மருத்துவ விடுப்பைக் கணக்கில் வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதற்கென இருந்தது ஒரே ஓர் எக்செல் தாள். ஒரு பணியாளருக்கு ஒரு வரி. அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் மீதி மணி நேரம் என்று ஓர் எண். யாராவது விடுப்பு எடுத்தால் அந்த எண்ணை அழித்துவிட்டு அதைவிடக் குறைந்த எண்ணை எழுதுவார்கள். எந்த நாளுக்காகக் குறைத்தார்கள், யார் குறைத்தார்கள், ஏன் குறைத்தார்கள் என்பதற்கு அந்தத் தாளில் எந்தத் தடயமும் கிடையாது.

2024 அக்டோபர் 22 அன்று, உற்பத்திப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் அவருடைய விடுப்பு தீர்ந்துவிட்டது என்று எங்கள் பிரிவிலிருந்து சொல்லப்பட்டது. அவருடைய தந்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் நடந்து வந்தது. வாரத்தில் செவ்வாயும் வியாழனும் இவர் அரை நாள் விடுப்பில் சென்று தந்தையை அழைத்துப் போவார். விடுப்பு இல்லை என்று சொல்லப்பட்ட பிறகும் அன்று அவர் போனார். வேறு வழி அவருக்கு இல்லை. அந்த அரை நாள் அவருடைய வருகைப் பதிவில் தண்டனைப் புள்ளியாக ஏறியது. அடுத்த இரண்டு வாரங்கள் தன் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள மற்றவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். நவம்பர் தொடக்கத்தில் அவர் என் மேசைக்கு வந்து, பன்னிரண்டு மாதத்துக்கு எங்கள் தாள் கொடுத்த 480 மணி நேரமும் எந்தெந்த நாள்களில் கழிந்தது என்று காட்டச் சொன்னபோது, என்னால் காட்ட முடியவில்லை. இந்த வேலை அங்கேதான் தொடங்கியது.

அன்று மாலை வருகைக் கடிகாரத்தின் பழைய பதிவுகளை எடுத்து, அவருடைய கணக்கை மட்டும் நாள் நாளாகக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். 2023 அக்டோபர் 2 முதல் 6 வரை, அவருடைய தந்தை முதன்முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர் ஒரு முழு வாரம் விடுப்பு எடுத்திருந்தார். அது 40 மணி நேரம். எங்கள் பணியாளர் கையேட்டின்படி பன்னிரண்டு மாதத்தை எண்ணும் முறை பின்னோக்கிச் செல்லும் முறை. அதாவது விடுப்பு எடுக்கும் ஒவ்வொரு நாளிலும் நின்று, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் பயன்படுத்தியது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முதல் நாளின் எட்டு மணி நேரம் 2024 அக்டோபர் 2 அன்றே அவருக்குத் திரும்பிவிட்டது. அக்டோபர் 6 வந்தபோது நாற்பதும் திரும்பிவிட்டன. ஆனால் தாளில் திரும்பும் மணி நேரத்தைச் சேர்ப்பது மாதக் கடைசியில் ஒருமுறை கையால் செய்யும் வேலையாக இருந்தது. அக்டோபர் 22 அன்று தாள் காட்டியது பூஜ்யம். உண்மை இருப்பு 40 மணி நேரம்.

நாற்பதோடும் அது நிற்கவில்லை. கடிகாரப் பதிவில் பல நாள்கள் அவர் மூன்றரை மணி நேரம்தான் வெளியே இருந்திருக்கிறார். தாளில் எல்லாமே நான்கு மணி நேரமாக வட்டமாக்கப்பட்டிருந்தது. அப்படி இருபது நாள்கள். மேலும் பத்து மணி நேரம் அவரிடமிருந்து சத்தமில்லாமல் போயிருந்தது.

இந்த விடுப்பு நிறுவனம் மனமிரங்கித் தரும் சலுகை அன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 1993 பிப்ரவரி 5 அன்று அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம். பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு வேலை வாரம், ஊதியமில்லாவிட்டாலும் வேலை பறிபோகாத விடுப்பு. அந்தக் காலத்தில் குழு மருத்துவக் காப்பீடு அதே நிபந்தனைகளோடு தொடர வேண்டும். தவறான எண்ணைச் சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்புவது அந்த உரிமையில் குறுக்கிடுவதாகும். தாளின் சூத்திரம் சரியில்லை என்பது பணியாளரிடம் சொல்லக்கூடிய காரணமே அன்று.

முதல் முடிவு: இருப்பை எழுதி வைப்பதில்லை

பழைய தாளைச் செப்பனிடலாமா, புதிதாகத் தொடங்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களும் உண்டு. ஆனால் உள்ளே போகும் தரவு தவறாக இருந்தால் அவையும் தவறான எண்ணைத்தான் அழகாகக் காட்டும். ஆகவே எக்செல்லிலேயே தொடர்ந்து, அமைப்பை மட்டும் தலைகீழாக மாற்றினேன். புதிய அமைப்பில் மீதி மணி நேரம் என்ற எண் எங்கும் எழுதப்படுவதில்லை. பேரேடு ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு விடுப்பு நாளும் ஒரு வரி. பணியாளர் எண், வழக்கு எண் (ஒரு காரணத்துக்கான விடுப்புக் கோரிக்கைக்குத் தரும் எண்), விடுப்பு நாள், அன்று வேலை நேரத்தில் எத்தனை நிமிடம் விடுபட்டது, அந்த வாரத்தில் அவருடைய வழக்கமான வேலை நேரம் எவ்வளவு, பதிந்தவர் யார், பதிந்த நாள் எது என்பவை அதன் நெடுவரிசைகள். இருப்பு என்பது இந்த வரிகளிலிருந்து கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிடப்படும் விடை மட்டுமே.

பேரேட்டில் எந்த வரியையும் அழிப்பதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே விதியாக்கிக்கொண்டேன். தவறாகப் பதிந்துவிட்டால் அதே நாளுக்கு அதே அளவு கழித்தல் குறியோடு இன்னொரு வரி எழுதி, பக்கத்தில் காரணத்தைக் குறிக்க வேண்டும். கணக்கர்கள் காலங்காலமாகச் செய்து வருவதுதான் இது. இந்த விடுப்பு தொடர்பான பதிவேடுகளை மூன்று ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்தின் விதிகள் கேட்கின்றன; அழித்து எழுதிய தாளை மூன்று ஆண்டு வைத்திருந்தாலும் அதிலிருந்து ஒன்றையும் நிறுவ முடியாது.

நிமிடத்தில் பதிவது என்ற முடிவுக்கும் காரணம் உண்டு. நிறுவனம் மற்ற விடுப்புகளுக்குப் பயன்படுத்தும் மிகச் சிறிய அளவு எதுவோ, அதைவிடப் பெரிய அளவில் இந்த விடுப்பைக் கழிக்கக் கூடாது. எப்படியிருந்தாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எங்களிடம் சொந்த வேலைக்கான விடுப்பு கால் மணி நேரக் கணக்கில் தரப்படுகிறது. ஆகவே அரை நாளாக வட்டமாக்கியது தொடக்கத்திலிருந்தே தவறு.

சூத்திரமும் ஒரு நாள் பிழையும்

பின்னோக்கும் கணக்குக்கு, நிபந்தனைகளுக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் எக்செல்லின் சம்இஃப்ஸ் (SUMIFS) சூத்திரம் போதும்: இந்தப் பணியாளர், விடுப்பு நாள் இன்றைக்குச் சமமாகவோ முன்னதாகவோ, அதே சமயம் பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய நாளைவிடப் பெரிதாகவும் இருக்கும் வரிகளைக் கூட்டு. நான் முதலில் பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய நாளைக் கண்டுபிடிக்க, இன்றைய தேதியிலிருந்து 365ஐக் கழித்தேன். பெரும்பாலான நாள்களுக்கு விடை சரியாகவே வந்தது. பிறகு பழைய தரவைச் சோதிக்கும்போது ஒருவருடைய கணக்கில் மட்டும் காகிதத்துக்கும் தாளுக்கும் எட்டு மணி நேரம் வேறுபட்டது.

அவர் 2024 மார்ச் 1 அன்று விடுப்பு எடுத்திருந்தார். அந்த நாளுக்கான பன்னிரண்டு மாதம் 2023 மார்ச் 2 அன்று தொடங்குகிறது. ஆனால் 2024 பிப்ரவரிக்கு 29 நாள்கள். மார்ச் 1இலிருந்து 365 நாளைக் கழித்தால் 2023 மார்ச் 2 வருகிறது, அதைவிடப் பெரிய நாள்களை மட்டும் கூட்டச் சொன்னதால் மார்ச் 2 வெளியே தள்ளப்பட்டுவிட்டது. அன்று அவர் எடுத்த எட்டு மணி நேரம் ஒரு நாள் முன்னதாகவே அவருக்குத் திரும்பியதாகத் தாள் காட்டியது. 365ஐ நீக்கிவிட்டு, மாதங்களைக் கழிக்கும் இ-டேட் சூத்திரத்தில் கழித்தல் பன்னிரண்டு என்று கொடுத்ததும் சரியாயிற்று. பிப்ரவரி 29 அன்றே விடுப்பு எடுத்தால் என்ன ஆகும் என்றும் சோதித்தேன்: இ-டேட் 2023 பிப்ரவரி 28ஐத் தருகிறது, கணக்கு மார்ச் 1இலிருந்து தொடங்குகிறது, அதுவும் சரி.

இந்த முறையை வைத்திருக்கும் எல்லோரும் கவனிக்க வேண்டிய இன்னொன்று, வரப்போகும் விடுப்பைக் கணிப்பது. ஒருவர் அறுவை சிகிச்சைக்காக ஆறு வாரம் கேட்டார். தொடங்கும் நாளில் அவருடைய இருப்பு ஐந்து வாரம்தான். ஐந்து வாரத்துக்கு மேல் பாதுகாப்பில்லை என்று பதில் எழுதுவதற்கு முன், விடுப்பின் ஒவ்வொரு நாளுக்கும் சூத்திரத்தைத் தனித்தனியே ஓடவிட்டேன். அவர் முந்தைய ஆண்டு எடுத்திருந்த ஏழு வாரத்தில் ஒரு வாரம், இந்த ஐந்து வாரம் முடிவதற்குள்ளேயே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. ஆறாவது வாரத்தின் ஒவ்வொரு நாளிலும் அவருக்கு இருப்பு இருந்தது. தொடக்க நாளின் இருப்பை மட்டும் பார்த்திருந்தால் அவர் தையல் காயாமல் வேலைக்கு வந்திருப்பார்.

எந்த முறையில் பன்னிரண்டு மாதத்தை எண்ணுவது என்பதை நிறுவனமே தேர்ந்தெடுக்கலாம்: நாள்காட்டி ஆண்டு, நிதியாண்டு போன்ற நிலையான ஓர் ஆண்டு, முதல் விடுப்பு நாளிலிருந்து முன்னோக்கி ஓராண்டு, அல்லது இந்தப் பின்னோக்கும் முறை. எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் பணியாளருக்கு அதிக நன்மை தரும் முறை பொருந்தும். முறையை மாற்ற வேண்டுமானால் எல்லாப் பணியாளருக்கும் அறுபது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். பின்னோக்கும் முறைதான் கணக்கு வைப்பதற்குக் கடினம். ஆண்டின் கடைசிப் பன்னிரண்டு வாரத்தையும் அடுத்த ஆண்டின் முதல் பன்னிரண்டு வாரத்தையும் ஒருவர் ஒன்றாகச் சேர்த்து எடுப்பதைத் தவிர்க்கவே நிறுவனங்கள் இதைத் தேர்ந்தெடுக்கின்றன. தனக்கு வசதியான முறையைத் தேர்ந்தெடுத்த நிறுவனம், அதை நாள்தோறும் சரியாகக் கணக்கிடும் உழைப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மணி நேரமா, வாரமா

இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிட்ட இடம் இதுதான். சட்டம் தருவது 480 மணி நேரம் என்று எங்கள் பிரிவில் எல்லோரும் சொல்லிப் பழகியிருந்தோம். சட்டம் தருவது பன்னிரண்டு வேலை வாரம். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் வேலை செய்பவருக்கு அது 480 ஆகிறது. வழக்கமாக ஐம்பது மணி நேரம் வேலை செய்பவருக்கு 600. முப்பது மணி நேரப் பகுதிநேரப் பணியாளருக்கு 360. பழைய தாளில் எல்லோருக்கும் 480தான். வாரம் ஐம்பது மணி நேரம் உழைத்தவர்களின் கணக்கில் 120 மணி நேரம் குறைவாக இருந்தது. வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறுபவர்களுக்கு, விடுப்புத் தொடங்குவதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தின் சராசரியை எடுக்க வேண்டும். அதற்குத் தனிப் பக்கம் ஒன்று அமைத்தேன்.

ஆகவே ஒவ்வொரு வரியிலும் விடுபட்ட நேரத்தை அந்த வாரத்தின் வழக்கமான வேலை நேரத்தால் வகுத்து, வாரத்தின் பின்னமாக வைத்தேன். எட்டு மணி நேரத்தை நாற்பதால் வகுத்தால் 0.2 வாரம், வாரம் இருபத்து நான்கு மணி நேரம் வேலை செய்பவருக்கு அதே எட்டு மணி நேரம் மூன்றில் ஒரு வாரம். இந்தப் பின்னங்களைத்தான் கூட்டிப் பன்னிரண்டிலிருந்து கழிக்கிறோம். மணி நேரம் என்பது பணியாளருக்குப் புரியும்படி கடைசியில் மாற்றிக் காட்டும் எண். இதன் பயன் ஒருவருடைய வேலை நேரம் நிரந்தரமாக மாறும்போது தெரிந்தது. நாற்பதிலிருந்து முப்பது மணி நேரத்துக்கு மாறிய ஒருவருக்கு ஆறு வாரம் மீதி இருந்தது. மாறிய பிறகும் அது ஆறு வாரமே, மணி நேரத்தில் மட்டும் 240க்குப் பதில் 180. மணி நேரத்தை இருப்பாக வைத்திருந்தால் அவருக்கு எட்டு வாரம் என்று காட்டியிருக்கும். எதிர்த்திசையில் மாறியவருக்குக் குறைத்துக் காட்டியிருக்கும்.

வகுக்கும் எண்ணை வருகைக் கடிகாரத்திலிருந்து தானாக எடுக்கச் செய்தது நான் செய்த தவறு. நன்றி நவிலும் நாள் வரும் வாரத்தில் அது வெளிப்பட்டது. 2024இல் அது நவம்பர் 28, வியாழக்கிழமை. ஒருவர் அந்த வாரத்தில் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் விடுப்பு. வியாழன் எல்லோருக்கும் விடுமுறை. வெள்ளி வேலைக்கு வந்தார். விடுமுறை நாளைக் கழித்துக் கடிகாரம் அந்த வாரத்துக்கு 32 மணி நேரம் என்று கொடுத்தது. 24ஐ 32ஆல் வகுத்து முக்கால் வாரம் என்று பேரேடு எழுதியது. தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவு 2023 மே மாதம் வெளியிட்ட கருத்துக் கடிதம் இதை நேராகவே விளக்குகிறது: வாரத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் விடுப்பு எடுத்தால், அன்றைக்கு வேலைக்கு வர வேண்டியவராக இருந்தாலன்றி, விடுமுறை நாள் விடுப்பாக எண்ணப்படாது, ஆனால் வகுக்கும் எண் வழக்கமான முழு வாரமே. 24ஐ 40ஆல் வகுத்து 0.6 வாரம்தான் கழிக்க வேண்டும். முழு வாரமும் விடுப்பில் இருப்பவருக்கோ விடுமுறை உட்பட ஒரு முழு வாரம் கழியும். வழக்கமான வேலை நேரத்தை இப்போது கடிகாரத்திலிருந்து எடுப்பதில்லை. பணியாளரின் பணி நியமனப் பதிவிலிருந்து, எந்தத் தேதியிலிருந்து எந்த நேரம் என்ற தனிப் பட்டியலாக எடுக்கிறோம்.

இரவுப் பணிமுறையில் நள்ளிரவைத் தாண்டும் வேலையை எந்த நாளில் எழுதுவது என்ற கேள்விக்கு, பணிமுறை தொடங்கும் நாளில் எழுதுவது என்று முடிவுசெய்து, அதைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் குறித்துவிட்டோம்.

தகுதியும் தவணைகளும்

தகுதிச் சோதனையிலும் ஒரு பழைய பிழை இருந்தது. குறைந்தது பன்னிரண்டு மாதம் பணியில் இருந்திருக்க வேண்டும், விடுப்புத் தொடங்குவதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் உண்மையாக வேலை செய்தது 1,250 மணி நேரம் இருக்க வேண்டும், எழுபத்தைந்து மைலுக்குள் நிறுவனத்துக்கு ஐம்பது பேராவது இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். பழைய தாள் இந்த 1,250ஐ ஒவ்வொரு முறை விடுப்புப் பதியும்போதும் மறுபடி சோதித்தது. அடிக்கடி சில மணி நேரம் விடுப்பு எடுப்பவர்களின் வேலை நேரம் தானாகவே குறைந்து வரும். விடுப்பு எடுத்ததாலேயே விடுப்புக்குத் தகுதி இழந்தவராக அது அவர்களைக் காட்டியது. ஒரே காரணத்துக்காக எடுக்கும் இடைவிட்ட விடுப்புக்கு, அந்தப் பன்னிரண்டு மாதத்தின் முதல் விடுப்பு தொடங்கும் நாளில் தகுதியை ஒருமுறை பார்த்தால் போதும். புதிய அமைப்பில் தகுதி வழக்கோடு சேர்ந்திருக்கிறது. பேரேட்டு வரியோடு அதற்குத் தொடர்பில்லை.

ஒவ்வொரு வழக்குக்கும் தவணைப் பக்கம் ஒன்று உண்டு. பணியாளர் கேட்ட நாளிலிருந்து, அல்லது காரணம் இந்தச் சட்டத்துக்குள் வரலாம் என்று நமக்குத் தெரிந்த நாளிலிருந்து, ஐந்து வேலை நாளில் தகுதி அறிவிப்புப் போக வேண்டும். சட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்று முதன்முறை கேட்பவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறேன் என்று அவர் மேற்பார்வையாளரிடம் சொன்ன சொல்லிலிருந்தே அந்த ஐந்து நாள் கணக்குத் தொடங்கிவிடலாம். மருத்துவச் சான்றுக்குப் பணியாளருக்குக் குறைந்தது பதினைந்து நாள்காட்டி நாள். சான்று முழுமையாக இல்லாவிட்டால் எது குறை என்று எழுத்தில் சொல்லி ஏழு நாள். போதுமான விவரம் கிடைத்ததும் ஐந்து வேலை நாளில் விடுப்பு ஏற்கப்பட்டதா என்ற அறிவிப்பு. ஒர்க்டே சூத்திரம் வேலை நாள்களைக் கணக்கிட்டுக்கொள்கிறது. தவணை நெருங்கினால் கட்டம் மஞ்சளாகும், தாண்டினால் சிவப்பாகும். அந்தச் சிவப்பு என் வேலை தாமதமானதைக் காட்டும்போது ஒரு நிறமாகவும், பணியாளரின் காகிதம் வராததைக் காட்டும்போது வேறொரு நிறமாகவும் இருக்கும்படி பிறகு மாற்றினேன். இரண்டையும் ஒரே சிவப்பில் பார்த்தவர்கள் எல்லாத் தாமதமும் பணியாளருடையது என்றே எடுத்துக்கொண்டார்கள்.

சான்று வருவதற்குக் காத்திருக்கும் நாள்கள்தான் அதிகச் சேதம் செய்தவை. வருகைப் பதிவு மென்பொருள் ஞாயிறு இரவு தானாக ஓடி, விளக்கமில்லாத ஒவ்வொரு வரவின்மைக்கும் தண்டனைப் புள்ளி போடும். இந்தச் சட்டத்தின் கீழ் எடுத்த விடுப்பைப் புள்ளிக் கணக்கில் சேர்ப்பது தடை செய்யப்பட்டது. ஆனால் சான்று வந்து விடுப்பு ஏற்கப்படுவதற்குள் இரண்டு மூன்று ஞாயிறுகள் கடந்துவிடும். புள்ளிகளைப் பின்னர் நீக்க யாருக்கும் நினைவிருக்காது. இப்போது வழக்குத் திறந்த உடனேயே பேரேட்டு வரிகள் தற்காலிகம் என்ற நிலையில் பதியப்படுகின்றன. தற்காலிக வரி இருக்கும் நாளைப் புள்ளி மென்பொருள் தொடாது. வெள்ளிக்கிழமை மாலை பேரேட்டிலிருந்து அதற்கு ஒரு கோப்பு போகிறது. அந்த வரிசையைச் சரியாக அமைக்க இரண்டு வாரம் ஆயிற்று, மொத்த வேலையில் அதிகப் பலன் தந்ததும் அதுவே.

உறவு என்ற நெடுவரிசை

யாருக்காக விடுப்பு என்ற நெடுவரிசையில் பழைய தாளில் பெற்றோர், துணை, பிள்ளை, தான் என்ற நான்கு தேர்வுகள் மட்டும். நம்மவர்களுக்கு இங்கே மனம் கனக்கும். மாமனார், மாமியாரைக் கவனிக்கக் கூட்டாட்சிச் சட்டம் விடுப்புத் தருவதில்லை. உடன்பிறந்தவர்களுக்கும் இல்லை, அவர்கள் படைப்பணியில் காயமுற்று இவர்தான் நெருங்கிய உறவு என்ற நிலை இருந்தாலன்றி. ஆனால் பெற்றோரின் இடத்தில் இருந்து வளர்த்தவர் சட்டத்தின் கண்ணில் பெற்றோரே. இரத்த உறவோ சட்ட உறவோ தேவையில்லை. பெரியம்மாவோ பாட்டியோ எடுத்து வளர்த்தவர்கள் பலர் இது தெரியாமல், பெற்றோர் என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே போயிருப்பார்கள். ஆகவே ஐந்தாவதாக, சிறுவயதில் பெற்றோராக இருந்து வளர்த்தவர் என்ற தேர்வைச் சேர்த்தேன். அதற்கு எளிய எழுத்துக் கூற்று ஒன்று போதும். முதல் மாதத்திலேயே இருவர் அதைப் பயன்படுத்தினார்கள். மாமியாருக்கு உடல்நலமில்லாதவர்களுக்கு இந்தக் கட்டத்தில் வழியில்லை. மாநிலச் சட்டம் இடம் தருகிறதா, துணைவர் தம் பணியிடத்தில் தம் தாய்க்காக விடுப்புக் கேட்க முடியுமா என்று உட்கார்ந்து பேசுகிறேன்.

நோயின் பெயர் பேரேட்டில் எங்கும் கிடையாது. மருத்துவச் சான்றுகள் பணியாளரின் பொதுக் கோப்பிலிருந்து பிரித்து, இரகசியமான தனிக் கோப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. சான்றைச் சரிபார்க்க மருத்துவரைத் தொடர்புகொள்ளும்போதும் நேரடி மேற்பார்வையாளர் ஒருபோதும் பேசக் கூடாது. மேற்பார்வையாளர் பார்க்கும் பக்கத்தில் பெயரும் தேதியும் நேரமும் மட்டுமே வரும்.

கணக்குக் காட்டுதல்

மூன்று சம்பளக் காலம் பழைய தாளையும் புதிய பேரேட்டையும் சேர்ந்தே ஓட்டினோம். இடைவிட்ட விடுப்பில் இருந்தவர்கள் அனைவரின் கணக்கையும் கடிகாரப் பதிவிலிருந்து மீண்டும் கட்டினேன். பெரும்பாலானவர்களின் கணக்கில் வேறுபாடு இருந்தது. சிலருக்கு நாங்கள் அதிகமாகக் கொடுத்திருந்தோம், அதை அவர்களிடமிருந்து திரும்பக் கேட்கவில்லை. குறைத்துக் கழித்திருந்தவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் திருத்தக் கடிதம் எழுதி, அந்த நாள்களின் புள்ளிகளை நீக்கினோம்.

டயாலிசிஸுக்குத் தந்தையை அழைத்துச் சென்ற பெண்ணிடம் நானே போய்ப் பேசினேன். அக்டோபர் 22 அன்று உங்களிடம் சொன்னது தவறு, அன்று உங்களுக்கு 50 மணி நேரம் இருந்தது என்று சொல்லி, அந்த நாளையும் அதன் பிறகு நீங்கள் போக முடியாமல் போனதையும் எழுத்தில் ஏற்றுக்கொண்ட கடிதத்தைக் கொடுத்தேன். அவர் நீண்ட நேரம் அதைப் படித்தார். பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: இனிமேல் எப்போது கேட்டாலும் நாள்களைக் காட்டுவீர்களா?

அதற்காகத்தான் பேரேட்டின் கடைசிப் பக்கத்தை அமைத்திருந்தேன். பணியாளர் கேட்டால், முப்பது நாளுக்கு ஒருமுறைக்கு மிகாமல், கழித்த நேரத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. நாங்கள் கேட்காமலே ஒவ்வொரு மாதமும் ஒரு பக்க அறிக்கையாகத் தருகிறோம். மேலே வாரத்திலும் மணி நேரத்திலும் இருப்பு. கீழே ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நாளின் நேரமும். பக்கத்தில் அந்த நேரம் எந்தத் தேதியில் அவருக்குத் திரும்பும் என்பது.

முதல் அறிக்கையை எடுத்துக்கொண்டு போன அவர் மறுநாள் டயாலிசிஸ் மையத்தின் சந்திப்பு அட்டையோடு திரும்பி வந்தார். ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமையைச் சுட்டிக்காட்டி, அன்று மையத்தில் இயந்திரப் பழுதால் சிகிச்சை தள்ளிப்போயிற்று, நான் முழு நாளும் இங்கேதான் இருந்தேன் என்றார். கடிகாரப் பதிவைத் திறந்தேன். காலை ஆறு மணிக்கு உள்ளே, மாலை இரண்டரைக்கு வெளியே. பழைய தாளிலிருந்து நான் கொண்டுவந்த வரி அது; கடிகாரத்தோடு ஒப்பிடும்போது என் கண்ணில் தப்பியிருந்தது. அவர் பக்கத்தில் நின்றிருக்க, அதே தேதிக்குக் கழித்தல் குறியோடு 240 நிமிடம் என்று எழுதி, சிகிச்சை நடைபெறவில்லை, பணியாளர் தெரிவித்தார் என்று காரணத்தைப் பதிந்தேன். அறிக்கையை மீண்டும் அச்செடுத்துக் கொடுத்தேன். அதை நான்காக மடித்து அட்டைக்குள் வைத்துக்கொண்டு அவர் வேலைக்குப் போனார்.